கடைசியில் வந்தவரின் பாதை: ஏற்காடு மலையில் ஒரு சைக்கிள் தடச் சோதனை

ஒரு மலைப்பாதையைப் பலரும் கலந்துகொள்ளும் சைக்கிள் பயணத்துக்குத் திறந்துவிடலாமா என்று முடிவு செய்ய, நல்ல கால்வலு உள்ள நான்கு பேரை அனுப்பி ஓட்டிப் பார்க்கச் சொல்வதுதான் பெரும்பாலான குழுக்களின் வழக்கம். அவர்கள் மதியத்துக்குள் திரும்பிவிடுவார்கள். "அருமையான ரூட்" என்பார்கள். கைபேசியில் பதிந்த வரைபடத்தையும் ஏற்றக் கணக்கையும் குழுவில் பகிர்வார்கள். அத்தோடு சோதனை முடிந்துவிடும். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்கள் ஓட்டிய பாதையும் பின்னால் வரப்போகிறவர்கள் ஓட்டப்போகும் பாதையும் ஒன்றல்ல. சேலத்தில் எங்கள் குழு ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில் நடத்திய சோதனைப் பயணத்தை இங்கே விரிவாகப் பதிவு செய்வது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். என் பொறுப்பு குறிப்பெடுப்பது. ஆகவே பெரும்பாலும் கடைசி ஆளோடுதான் வந்தேன்.

திட்டமிட்ட தடம் இது. சேலம் அஸ்தம்பட்டியில் தொடங்கி, கோரிமேடு வழியாக அடிவாரம். அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பிரதான மலைச்சாலையில் ஏற்காடு. மேலே போனதும் ஒண்டிக்கடையிலிருந்து நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமாகச் சுற்றிவரும் 32 கிலோமீட்டர் வளையச் சாலை. பிறகு வாழவந்தி வழியாகக் குப்பனூர் சாலையில் இறங்கி மறுபடியும் சேலம். மொத்தத்தில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். சேர்வராயன் கோயில் உச்சி வரை ஏறிவிட்டு வரலாம் என்ற யோசனையும் முதலில் இருந்தது. அந்தக் கடைசி ஏற்றத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுமே குழுவில் பாதிப் பேர் அமைதியாகிவிட்டதால் அதைக் கைவிட்டோம்.

ஏறுவதற்கு ஒரு சாலை, இறங்குவதற்கு இன்னொன்று என்பது நாங்களாகக் கண்டுபிடித்தது அல்ல. மே மாதக் கோடை விழா நாட்களில் நிர்வாகமே வாகனங்களை இப்படித்தான் திருப்பிவிடும்; அடிவாரம் வழியாக ஏற விட்டு, குப்பனூர் வழியாக இறக்கிவிடும். சைக்கிளுக்கும் அதுவே பொருந்தும் என்று எண்ணியதில் நியாயம் இருக்கிறது. ஒரே சாலையில் ஏறியும் இறங்கியும் வரும் கூட்டம் கொண்டை ஊசி வளைவில் எதிரெதிரே சந்திப்பதை எந்த அமைப்பாளரும் விரும்ப மாட்டார்.

மொத்தம் பதினொரு பேர். கல்லூரி மாணவர்கள் இருவர், உருக்காலை ஊழியர் ஒருவர், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், வங்கியில் ஓய்வு பெற்ற அதிகாரி, அரசுப் பள்ளி ஆசிரியை, மற்றவர்களும் இதுபோலவே வெவ்வேறு தொழில்காரர்கள். மாணவர்களிடம் டிஸ்க் பிரேக் வைத்த ரோடு பைக், அதாவது மெல்லிய டயர் கொண்ட வேகச் சைக்கிள், இருந்தது. ஆசிரியையிடம் இருந்தது சில வருடம் பழகிய ஹைப்ரிட் சைக்கிள்: முன்னால் மூன்று பற்சக்கரம், பின்னால் எட்டு, ரிம்மைப் பிடிக்கும் சாதாரண பிரேக். பட்டறைக்காரரின் தம்பி ஒரு ஆம்னி வேனில் கடைசி ஆளுக்குப் பின்னால் வந்தார். வேன் முன்னால் போகக் கூடாது, யாரும் கேட்காமல் ஏற்றிக்கொள்ளவும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம்.

ஏற்றம்

இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்பதே முதல் முடிவு. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேல். அடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயர வேண்டும். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்தரை மீட்டர் ஏற்றம். பஸ் ஓடும் சாலை என்பதால் சரிவு பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும். திடீரென்று செங்குத்தாக எழுந்து நிற்கிற இடம் அபூர்வம்.

கைபேசியும் கடிகாரமும் காட்டிய ஏற்றக் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இரண்டு கருவிகளுக்கிடையே நூறு, நூற்றைம்பது மீட்டர் வித்தியாசம் சாதாரணமாக வந்தது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்க்கும் கருவி ஒரு கணக்குச் சொல்லும். வரைபடத்திலிருந்து உயரத்தை எடுக்கும் செயலி வேறொன்று சொல்லும். மலையின் முகத்தில் மடிந்து மடிந்து போகும் சாலையில், வரைபடப் புள்ளி பத்து மீட்டர் நகர்ந்தாலே மேல் சாலையின் உயரம் கீழ் சாலைக்கு வந்துவிடும். அறிவிப்பில் போடுவதற்கு எந்த எண்ணை எடுப்பது என்று மாணவர்கள் விவாதித்தார்கள், இயல்பாகவே பெரிய எண்ணின் பக்கம் நின்று. என்னைக் கேட்டால், ஏற்றக் கணக்கை அறிவிப்பில் போடவே வேண்டாம். அது வலுவானவரைக் கவரும், புதியவரை விரட்டும், இருவருக்குமே பாதையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

புதியவருக்குத் தெரிய வேண்டியது கியர். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள ரோடு பைக்கில் மிகக் குறைந்த கியரில் நிமிடத்துக்கு அறுபது முறை மிதித்தால் வேகம் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். அதற்குக் கீழே போனால் மிதி கனக்கும், முழங்கால் பேசத் தொடங்கும். முன்னால் 28, பின்னால் 34 உள்ள ஹைப்ரிட்டில் அதே அறுபது மிதிக்கு ஆறு கிலோமீட்டர்தான். ஆசிரியை அந்த ஆறிலும் ஏழிலும் அடிவாரத்திலிருந்து மேல் வரை ஒருமுறைகூடத் தள்ளாமல் ஏறினார். வங்கி அதிகாரியின் விலையுயர்ந்த ரோடு பைக்கில் அந்தச் சலுகை இல்லை. பத்தாவது வளைவைத் தாண்டியதும் அவர் இறங்கி, சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்.

"சார், உட்கார்ந்துவிடாதீர்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள்" என்றார் ஆசிரியை, தன் சைக்கிளை நிறுத்தாமலேயே.

"டீச்சர், நீங்கள் போங்கள். நான் இந்தக் குரங்கோடு கொஞ்சம் பேசிவிட்டு வருகிறேன்" என்றார் அவர்.

குரங்கு பேச்சுக்காக வரவில்லை. அவருடைய சட்டையின் பின்பையில் இருந்த வாழைப்பழத்துக்காக வந்திருந்தது. சுற்றுலாப் பயணிகள் காரை நிறுத்தித் தீனி போட்டுப் பழக்கிய வளைவுகளில், நிற்கிற மனிதனைக் கண்டாலே குரங்குகள் நெருங்கிவிடுகின்றன. எந்த வளைவுகளில் நிற்கக் கூடாது என்ற குறிப்பு எங்கள் வரைபடத்தில் சேர்ந்தது இப்படித்தான். முன்னால் போனவர்கள் எங்குமே நிற்காததால் அவர்களுக்கு இது தெரியவே இல்லை.

வளைவுகளில் இன்னொன்றையும் பார்த்தோம். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசியில், இடது ஓரமாக ஏறும் சைக்கிள்காரர் வளைவின் உட்பக்கம் போகிறார். அங்கே சரிவு சட்டென்று இரட்டிப்பாகிறது. வலப்பக்க வளைவில் அவர் வெளிப்பக்கம் இருப்பார். தூரம் கூடுதல், ஏற்றம் குறைவு. புதியவர்கள் இடது வளைவில் தடுமாறி, தங்களை அறியாமல் சாலையின் நடுவுக்கு வந்துவிடுகிறார்கள். அந்த நேரம் மேலிருந்து ஒரு பஸ் இறங்கினால், அதன் முகம் திரும்பிய பிறகும் பின்பாகம் சாலையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டிருக்கும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. சைக்கிளும் வண்டி என்பது எல்லா ஓட்டுநர்களுக்கும் நினைவில் இருப்பதில்லை.

இங்கேதான் இரண்டு பாதைகள் பிரியத் தொடங்கின. மாணவர்கள் எட்டு மணிக்கெல்லாம் ஏரிக்கரைக்குப் போய்விட்டார்கள். சாலை காலியாக இருந்தது, பனி இருந்தது, இரண்டு பஸ்களும் சில பால் வண்டிகளும் மட்டுமே வந்தன என்று அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆசிரியையும் வங்கி அதிகாரியும் கடைசி ஐந்து வளைவுகளுக்கு வந்தபோது ஒன்பதரை ஆகிவிட்டது. அப்போது பெங்களூரு எண் கார்கள், வாடகை வேன்கள், ஹாரனை விடாமல் அடிக்கும் மோட்டார் சைக்கிள் கூட்டங்கள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்குப் பின்னால் கார் வரிசை நீள்கிறது. வரிசையில் மூன்றாவது காருக்குப் பொறுமை இல்லை, வளைவிலேயே முந்துகிறது. யாருக்கு இடம் அதிகம் தேவையோ அவருக்குத்தான் இந்தச் சாலை குறைவான இடம் கொடுக்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் இதே மலைச்சாலையில் தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனதை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

வளையச் சாலை

ஏற்காட்டில் காபி குடித்த பிறகு எல்லோர் முகத்திலும் வேலை முடிந்துவிட்ட களை. வரைபடத்தில் பார்த்தால் மீதியெல்லாம் மேட்டுநிலம்தான். நிஜத்தில் வளையச் சாலை ஒரு நிமிடம்கூடச் சமமாக இருப்பதில்லை. முந்நூறு மீட்டர் இறக்கம், திரும்பியதும் நானூறு மீட்டர் ஏற்றம், மறுபடி இறக்கம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, கீழே காபிச் செடி, நடுவில் ஒற்றைத் தார்ச்சாலை. மிக அழகான பகுதி, கால்களைக் கொல்லும் பகுதியும் இதுதான். பிரதான சாலையில் ஒரே கியரில் ஒரே மூச்சில் ஏறி வந்தவர் இங்கே இருநூறு தடவை கியர் மாற்ற வேண்டும்.

ஜனவரி காபிப் பழம் பறிக்கும் பருவம். எஸ்டேட் வாசல்களில் டிராக்டர் சக்கரங்கள் கொண்டுவந்து போட்ட செம்மண் தாரின் மேல் படிந்திருந்தது. காய்ந்திருந்தால் புழுதி, பனியில் நனைந்திருந்தால் வழுக்கல். காலையில் போனவர்களுக்கு வழுக்கல், பகலில் போனவர்களுக்குப் புழுதி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மெதுவாக வந்தவர்கள் பக்கம் அதிர்ஷ்டம் இருந்தது. காட்டெருமைகள் எஸ்டேட் ஓரங்களில் மேய்வது இங்கே சாதாரணம். நாங்கள் பார்க்கவில்லை. ஆனால் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி எங்களை நிறுத்தி, "சாயங்காலம் இந்தப் பக்கம் சுற்றாதீர்கள் கண்ணு, மாடு இறங்கும்" என்று சொல்லி அனுப்பினார். பாதைக் குறிப்பில் அதுவும் ஏறியது.

தண்ணீர்தான் பிரச்சினை. கடை இருக்கும் ஊர்களுக்கும் இல்லாத நீட்டங்களுக்கும் இடையே கணக்குப் போடாதவர் மாட்டிக்கொள்வார். உருக்காலை ஊழியர் வளையத்தின் பின்பாதியில் கண் இருண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். காலையில் இரண்டு இட்லியோடு கிளம்பியவர், ஏற்காட்டில் பசியில்லை என்று காபியோடு நிறுத்தியிருந்தார். கடலை மிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரும் உள்ளே போய் இருபது நிமிடம் கழித்துத்தான் எழுந்தார். மலைக்காற்றில் வேர்ப்பது தெரியாது. சேலத்தைவிட ஏழெட்டு டிகிரி குறைவான இடத்தில் தாகமும் எடுக்காது. உடம்பிலிருந்து தண்ணீர் போவது மட்டும் நிற்பதில்லை.

கடைசி ஆள் வளையத்தை முடித்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. மாணவர்கள் அப்போது சேலத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படம் குழுவில் வந்திருந்தது.

இறக்கம்

சோதனை உண்மையில் தொடங்கியது இங்கேதான்.

குப்பனூர் சாலை பிரதான சாலையைவிடக் குறுகலானது. போக்குவரத்து குறைவு, மரநிழல் அதிகம். மாணவர்களின் அறிக்கையில் இந்த இறக்கத்துக்கு ஒரே வரி: சூப்பர், முக்கால் மணி நேரம். அவர்கள் பத்தரை மணிக்குப் புதிய கைகளோடு இறங்கினார்கள். பாதி தூரம் பிரேக்கைத் தொடவே இல்லை என்றும் பெருமையாகச் சொன்னார்கள். அதை நான் நம்புகிறேன். அதற்குக் காரணமும் இருக்கிறது.

ஆசிரியை இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கினார். எட்டு மணி நேரம் கைப்பிடியைப் பிடித்திருந்த கைகள். வேகத்தைக் கண்டு அவருக்குப் பயம். பயப்படுவதில் தவறொன்றும் இல்லை. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டாமல், இரண்டு பிரேக்கையும் விடாமல் அழுத்தியபடியே வந்தார். ஒவ்வொரு வளைவின் உட்புறத்திலும் மழைநீர் கொண்டுவந்து சேர்த்த மணலும் காய்ந்த இலைகளும் கிடந்தன. அதைத் தவிர்க்க வெளியே வந்தால் எதிர்வண்டி வரலாம். வாழவந்தியை நெருங்கும்போது விரல்கள் மரத்துப்போவதாகச் சொன்னார். கொஞ்சம் நிற்கலாம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வலப்பக்கம் ஒரு வளைவு வந்தது. பிரேக்கை அழுத்துவதற்கு விரல்களில் வலு இல்லை. சைக்கிள் வளைவை முடிக்காமல் நேராக வெளி ஓரத்துக்குப் போனது. சரளைக்கல்லில் ஏறி, அவர் இடது காலை ஊன்றி, கைப்பிடிச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றார். பதினைந்து கிலோமீட்டர் வேகம் என்பதால் நின்றது. முப்பதாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன்.

அவர் கீழே இறங்கி முதலில் செய்தது, விரல்களை இன்னொரு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தது. பிரேக் பிடியைச் சுற்றி மடங்கியபடியே இறுகிப்போயிருந்தன. வங்கி அதிகாரி முன்சக்கர ரிம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். பிரேக் கட்டையில் தேய்மானத்தைக் காட்டும் கோடு மறைந்திருந்தது. காலையில் அது தெளிவாகத் தெரிந்ததை நானே சோதித்துக் குறித்திருந்தேன்.

ஏன் இப்படி ஆனது? ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 1,100 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 860 கிலோஜூல். குழாயிலிருந்து பிடித்த மூன்று லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பம் அது. அந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். காற்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், டயரும் சாலையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதி முழுதும் பிரேக்குக்கு. காற்றின் தடை வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், ஐந்து சதவீதச் சரிவில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரிடமிருந்து காற்றே ஏறக்குறைய எல்லாவற்றையும் வாங்கிவிடும். பதினைந்து கிலோமீட்டரில் போகிறவரிடம் காற்று எடுப்பது ஏழில் ஒரு பங்குதான். மாணவர்கள் பிரேக்கைத் தொடாததற்குத் திறமையோடு இதுவும் காரணம். அதே இறக்கத்தில் மெதுவாகப் போகிறவரின் பிரேக்கும் கையும் பல மடங்கு வேலை செய்கின்றன, அதுவும் முக்கால் மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம். "பயமாக இருந்தால் மெதுவாகப் போங்கள்" என்று எல்லா அமைப்பாளர்களும் சொல்லும் அறிவுரை பாதிதான் சரி. எங்கே நின்று கையை உதற வேண்டும், ரிம்மை ஆறவிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுமையாகும்.

பட்டறைக்காரர் நுண்ணிய கைவேலை செய்து பழகியவர். அவர் வேறொன்றைக் கவனித்தார். கைப்பிடிக்கும் பிரேக் பிடிக்கும் இடையிலான தூரம் ஆசிரியையின் கைக்கு மிக அதிகம். விரல் நுனியால்தான் அவரால் இழுக்க முடிந்திருக்கிறது. பிடியின் பக்கவாட்டில் அந்தத் தூரத்தைக் குறைக்கும் சிறு திருகு இருக்கிறது. சின்ன அல்லன் சாவியால் இரண்டு சுற்று.

"இத்தனை வருடம் ஓட்டுகிறேன், இதை யாரும் சொல்லவில்லையே அண்ணா" என்றார் ஆசிரியை.

"விற்கிறவர்கள் தங்கள் கையை வைத்துப் பார்த்து விற்கிறார்கள், உங்கள் கையை வைத்துப் பார்ப்பதில்லை" என்றார் அவர், கம்பியையும் கொஞ்சம் முறுக்கிவிட்டபடி. மீதி இறக்கத்தை நான்கு இடங்களில் நின்று நின்று இறங்கி, மாலை ஐந்துக்கு முன்பே சேலம் வந்து சேர்ந்தோம்.

பெரியவர்களின் சோதனைகள்

இது எங்களைப் போன்ற ஊர்க்குழுவின் கோளாறு மட்டும் அல்ல. 2016 ரியோ ஒலிம்பிக்கின் சாலைப் பந்தயத்துக்கு, ஓராண்டு முன்பே, 2015 ஆகஸ்டில் சோதனைப் போட்டி நடந்தது. பிரான்ஸின் அலெக்ஸி வுயியெர்மோ வென்றார். விஸ்டா சினேசா என்ற காட்டு மலையிலிருந்து இறங்கும் பாதை அதிலேயே தெரிந்ததுதான். ஒலிம்பிக் நாளில், ஆண்கள் பந்தயத்தின் கடைசி இறக்கத்தில், முன்னணியில் இருந்த இத்தாலியின் வின்சென்சோ நிபாலியும் கொலம்பியாவின் செர்ஜியோ ஹெனாவும் விழுந்து எலும்பு முறிந்தார்கள். தங்கம் பெல்ஜியத்தின் கிரெக் வான் அவர்மாட்டுக்குப் போனது. மறுநாள் பெண்கள் பந்தயத்தில், தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்த நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃப்ளூட்டன் அதே இறக்கத்தின் ஒரு வலது வளைவில் தலைகுப்புற விழுந்தார். முதுகெலும்பில் மூன்று இடங்களில் சிறு முறிவு. சோதனையில் ஓட்டியவர்களும் உலகத் தரமானவர்களே. ஆனால் சோதனையில் யாரும் தங்கத்துக்காக அந்த வளைவில் பிரேக்கை ஒரு நொடி தாமதித்துப் பிடிப்பதில்லை.

லண்டனில் வேறு விதம். 2011 ஆகஸ்டில் நடந்த சோதனைப் பந்தயத்தில் பாக்ஸ் ஹில் குன்றை இரண்டு முறைதான் சுற்றினார்கள். மார்க் கேவெண்டிஷ் கடைசி ஓட்டத்தில் வென்றார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் ஆண்கள் அதே குன்றை ஒன்பது முறை சுற்ற வேண்டியிருந்தது. முன்னால் பிரிந்து போன கூட்டத்தைக் கேவெண்டிஷின் அணியால் பிடிக்க முடியவில்லை. கசகஸ்தானின் அலெக்சாந்தர் வினோகூரோவ் தங்கம் வாங்கினார். இரண்டு சுற்றில் தெரிந்த குன்று ஒன்று, ஒன்பது சுற்றில் தெரிந்தது வேறு. எங்களுக்கு ரியோவைவிட இந்த லண்டன் கதைதான் நெருக்கம். சோர்வு எங்கே சேர்கிறது என்பதை வலுவானவர்களின் காலை நேரச் சோதனை காட்டவே காட்டாது.

என்ன மாற்றினோம்

வளையச் சாலையைப் பொதுப் பயணத்திலிருந்து எடுத்துவிட்டோம். விரும்புகிறவர்கள் ஏற்காட்டை ஒன்பது மணிக்குள் தொட்டால் மட்டும் அதில் போகலாம். இதில்தான் பெரிய சண்டை. "வளையம் இல்லாவிட்டால் இந்தப் பயணத்தில் என்ன இருக்கிறது, அண்ணா?" என்று மாணவர்களில் ஒருவர் கடைசி வரை விடவில்லை. அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது என்ற அவருடைய வாதத்துக்கு எங்களிடம் பதில் இல்லை. அழகான பகுதியை வெட்டி, கார் நெரிசல் உள்ள பகுதியை வைத்துக்கொள்வது முட்டாள்தனம் என்றார். ஏற்றத்தையே குப்பனூர் வழியாக வைத்து, இறக்கத்தைப் பிரதான சாலையில் வைக்கலாம் என்ற மாற்று யோசனையும் அவருடையது. பிரதான சாலை அகலமானது, தார் நன்றாக இருக்கிறது, வளைவுகளுக்கு எண் போட்ட பலகை இருப்பதால் எத்தனை மிச்சம் என்று தெரியும். ஆனால் ஞாயிறு மதியம் அங்கே ஏறிவரும் கார்களுக்கு எதிரே புதியவர்களை இறக்கிவிட வங்கி அதிகாரி சம்மதிக்கவில்லை. நானும் சம்மதிக்கவில்லை.

ஐந்தரைக்கே அடிவாரத்தில் இருந்து, வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்குவது, மெதுவாக ஓட்டுகிறவர்களை முதலில் அனுப்பி வேகமானவர்களை ஒரு மணி நேரம் கழித்து விடுவது என்று முடிவானது. வேகமானவர்கள் வழியில் பிடித்துவிடுவார்கள். அதில் யாருக்கும் நட்டமில்லை. கார் வெள்ளம் வருவதற்கு முன் கடைசி ஆளும் மேலே போய்விட வேண்டும். பயணம் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனிக்கிழமையாக இருக்கட்டும் என்று பட்டறைக்காரர் சொன்னார். அவருக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்கும் நாள் என்பதால், அவர் வாயிலிருந்து அது வந்ததை நாங்கள் மதித்தோம்.

இறக்கத்தில் நேரம் கணக்கிடுவதில்லை. யாரும் யாரையும் முந்துவதற்கான காரணத்தைக் கொடுக்கக் கூடாது என்பதால், குழுவில் பதிவேற்றும்போது அந்தப் பகுதியின் நேரத்தை மறைத்துவிடச் சொல்லியிருக்கிறோம். கட்டாயமாக நிற்கும் இடங்கள் குறிக்கப்பட்டன: கடையோ, கோயிலோ, அகலமான ஓரமோ உள்ளவை, குரங்குத் தொல்லை இல்லாதவை. கிளம்பும் முன் பிரேக் கட்டை, பிடியின் தூரம் இரண்டையும் பட்டறைக்காரர் பார்ப்பார். அவர் சரி என்று சொல்லாத சைக்கிள் ஏறாது.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை இந்தத் தடம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் இந்த மலையின் இரண்டு சாலைகளையும் நம்ப முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் பிரதான சாலையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது ஊரறிந்தது. மண் சரியாவிட்டாலும், நிழலான வளைவுகளில் பாசி பிடித்த தார் சைக்கிள் டயருக்குப் போதும்.

சோதனை முறையிலும் ஒரு திருத்தம். இனி எந்தத் தடமானாலும் கடைசியில் வந்தவரின் அறிக்கையைத்தான் முதலில் படிப்போம். முன்னால் வந்தவர்கள் அதற்குப் பிறகுதான் பேசலாம். மாணவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த முறை வேண்டுமென்றே கடைசியில் வருவதாக மிரட்டியிருக்கிறார்கள். வரட்டும். ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஆசிரியைக்குப் பின்னாலேயே அடிவாரத்திலிருந்து ஒண்டிக்கடை வரை மிதிக்க முடிந்தால், அந்த அறிக்கையையும் வாங்கிக்கொள்கிறோம்.

குப்பனூர் வழியாக ஏறி அதே வழியில் இறங்கும் யோசனையை அடுத்துச் சோதிக்க இருக்கிறோம். வேகத்தை ஆசிரியை தீர்மானிப்பார். வங்கி அதிகாரி அதற்குள் பின்சக்கரத்தில் 34 பல் உள்ள பற்சக்கரம் மாற்றிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் அதற்குப் பின் கியர் மாற்றியையும் சேர்த்து மாற்ற வேண்டும் என்று விலை சொன்னதிலிருந்து அவர் பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது.